சாயவேர் முதல் ஸ்கிரீன் வரை: துணி அச்சுத் தொழிலின் வரலாறும் அதில் நம் பங்கும்

திருச்செங்கோடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மலையும், நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டச் செல்லும் ரிக் வண்டிகளும் நினைவுக்கு வரும். உள்ளூரில் இருப்பவர்களுக்கோ விசைத்தறியின் ஓசைதான் ஊரின் அடையாளம். மேற்கே காவிரிக் கரையில் பள்ளிபாளையமும் குமாரபாளையமும் இருக்கின்றன. ஆற்றைக் கடந்தால் ஈரோடும் பவானியும். நூலுக்குக் கஞ்சி போடுவது, தறியில் நெய்வது, சாயம் ஏற்றுவது, அச்சிடுவது, தைப்பது என ஒரு துணியின் வாழ்வு முழுவதும் இந்தச் சுற்றுவட்டத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. இறுதியில் அது திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை கூடும் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போய்ச் சேர்கிறது. ‘கனி மார்க்கெட்’ என்று மக்கள் அழைக்கும் அச்சந்தை அப்துல் கனி என்ற பெயரைத் தாங்கி நிற்பது நம்மில் பலருக்குத் தெரிந்ததே.

இந்தத் தொழில்களுள் குறைந்த முதலீட்டில், வீட்டின் ஒரு மூலையிலேயே தொடங்கக் கூடியது ஸ்கிரீன் பிரிண்டிங். ஒரு மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, சிறிது சாயப் பசை, ரப்பர் பதித்த ஒரு கட்டை ஆகியவை போதும். கல்லூரி முடித்த இளைஞர்களும், வீட்டிலிருந்தே வருவாய் தேட விரும்பும் சகோதரிகளும் இதைக் கற்க ஆர்வம் கொள்கின்றனர். இரண்டு நாளில் கற்றுத் தருவதாகச் சொல்லும் காணொளிகளும் நிறையவே கிடைக்கின்றன. கைப்பழக்கம் இரண்டு நாளில் ஓரளவு வரலாம். ஆனால் இத்தொழில் எங்கிருந்து வந்தது, நம் முன்னோர்க்கு இதில் என்ன பங்கு இருந்தது, எதைச் செய்தால் அது ஹலாலான பிழைப்பாக நிற்கும், எதைச் செய்தால் பிறருக்குத் தீங்காக முடியும் என்பதை அந்தக் காணொளிகள் சொல்வதில்லை. மார்க்கக் கல்வியில் ஆசிரியர் தொடரை அறிந்து கற்கும் மரபு நமக்கு உண்டு. தொழிற்கல்வியிலும் அப்படி ஒரு தொடரை அறிந்து கற்பது நல்லது.

சோழமண்டலக் கரையின் சிவப்பு

பருத்தித் துணியில் நிறத்தை நிலைக்கச் செய்வது எளிய காரியம் அன்று. பட்டும் கம்பளியும் சாயத்தை விரைவில் ஏற்கும். பருத்தியோ பல சாயங்களை ஏற்பது போல் காட்டி, முதல் அலசலிலேயே விட்டுவிடும். இந்தச் சிக்கலை உலகின் பிற பகுதிகளுக்கு வெகு காலம் முன்பே தீர்த்தவர்கள் இந்தியத் துணைக்கண்டத்துச் சாயக்காரர்கள். மொகெஞ்சதாரோ அகழாய்வில் கிடைத்த பருத்தித் துணித் துணுக்கிலேயே மஞ்சிட்டி வகைச் செஞ்சாயத்தின் தடயம் காணப்பட்டது.

தமிழகக் கரையில் இந்தச் சிவப்பைத் தந்தது சாயவேர். கடற்கரை மணலில் வளரும் ஒரு சிறு செடியின் வேர் அது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிடைத்த சாயவேரிலிருந்து டச்சுக்காரர்கள் வருவாய் ஈட்டினர் என்றால் அதன் மதிப்பை ஊகிக்கலாம். துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு பின்னர் வரும் காரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்போ வரையும் கோடு பரவாமல் காக்கும். பிறகு சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீராலும், கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்பை ஊறவைத்த நீராலும் வரைவார்கள். அதன்பின் துணி முழுவதையும் சாயவேருடன் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் சிவக்கும். மற்ற இடங்களில் ஒட்டிய மங்கல் நிறம், சாணக் கரைசலில் நனைத்து வெயிலில் போட்டு அலசும்போது வெளுத்துவிடும். நீலம் வேண்டுமானால், நீலம் ஏறக் கூடாத இடங்களில் மெழுகு பூசிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வரையும்போது கைவினைஞர் கையில் இருந்தது நிறமன்று. நிறத்தைத் துணியோடு பிணைக்கும் உப்பு. இன்று ஸ்கிரீன் பிரிண்டிங் கற்பவர் கலக்கும் ‘பைண்டர்’ அதே வேலையை வேறு வழியில் செய்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இன்றும் தொழிலின் மையக் கேள்வி ஒன்றுதான்: நிறம் எப்படித் துணியில் நிலைக்கும்?

முஸ்லிம் கைகளும் கப்பல்களும்

எகிப்தின் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தின் இடிபாடுகளிலிருந்து ஏராளமான இந்திய அச்சுத் துணித் துண்டுகள் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை குஜராத்தில் மரக்கட்டை அச்சால் உருவானவை. அவற்றில் ஒரு பெரிய தொகுப்பு இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரபு உலகின் எளிய மக்கள் அணிந்து, கிழிந்து, தூக்கி எறிந்த துணிகள் அவை. அரண்மனைப் பட்டுகளைப் போல் யாரும் அவற்றைப் பாதுகாத்து வைக்கவில்லை. வறண்ட மண் காத்து வைத்திருந்தது. செங்கடலுக்கும் இந்தியக் கரைக்கும் இடையே கைவினைத் துணி எவ்வளவு சாதாரணமான சரக்காகப் போய்வந்தது என்பதற்கு அத்துண்டுகளே சான்று.

குஜராத்தின் கட்ச் பகுதியில் அஜ்ரக் என்ற அச்சுத் துணியை இன்றளவும் செய்து வருபவர்கள் முஸ்லிம் கத்ரி சமூகத்தவர். சிந்துப் பகுதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் கட்ச் அரசரின் அழைப்பின் பேரில் அவர்கள் வந்ததாக அச்சமூகத்தின் மரபு கூறுகிறது. நீலத்தைக் குறிக்கும் ‘அஸ்ரக்’ என்ற அரபுச் சொல்லோடு அப்பெயரைத் தொடர்புபடுத்துவர். தமட்கா என்ற ஊர் அவர்களது மையமாக இருந்தது. 2001 ஜனவரி 26 அன்று நிகழ்ந்த பூகம்பம் அவ்வூரைச் சிதைத்தது. நிலத்தடி நீரும் மாறிப்போனது. நீரில் இரும்புச் சத்து கூடினால் சிவப்பு மங்கிக் கறுத்துவிடும். எனவே பல குடும்பங்கள் நல்ல நீர் தேடி இடம்பெயர்ந்து, அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரையே உருவாக்கின. அவர்களுள் ஒருவரான இஸ்மாயில் முஹம்மது கத்ரிக்கு 2003இல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அச்சுத் தொழில் நீரை நம்பியது என்ற பாடத்தை அஜ்ரக்பூர் நமக்குச் சொல்கிறது. இதற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

தெற்கே கோல்கொண்டாவின் குதுப்ஷாஹி அரசின் கீழ் மசூலிப்பட்டினம் பெரும் துணித் துறைமுகமாக விளங்கியது. பேனாவைக் குறிக்கும் ‘கலம்’, வேலையைக் குறிக்கும் ‘காரி’ என்ற பாரசீகச் சொற்கள் சேர்ந்தே ‘கலம்காரி’ என்ற பெயர் பிறந்தது. ஈரானியச் சந்தைக்காகச் செய்யப்பட்ட துணிகளில் சைப்ரஸ் மரமும், பூக்கொடியும், தொழுகை மாடத்தின் வளைவும் இடம்பெற்றன.

துணியைக் கடல் கடத்தியதில் தமிழ் முஸ்லிம்களின் பங்கு பெரிது. நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களின் மரக்காயர்கள் தம் சொந்தக் கப்பல்களில் ஆச்சே, மலாக்கா, கெடா துறைமுகங்களுக்குத் துணிகளை ஏற்றிச் சென்றனர். அங்கே மிளகு, கிராம்பு, சாதிக்காய்க்கு ஈடாகப் பெரிதும் விரும்பப்பட்ட பொருள் நம் கரையின் துணிதான். மலாய் முஸ்லிம்கள் தொழுகைக்கும் வீட்டு உடைக்கும் அணியும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்றே பெயர். பழவேற்காட்டை ஐரோப்பியர் ‘புலிக்காட்’ என்றனர். அந்த ஊரின் பெயரே மலாய் மொழியில் ஓர் உடையின் பெயராகிவிட்டது. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியதற்கும் அந்தத் துணியே காரணம்.

கைலியின் கட்டம் அச்சில் விழுவதன்று. சாயமேற்றிய நூல் தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடும்போது விழுவது அது. குமாரபாளையத்தில் நெய்யப்படும் லுங்கிகள் அந்த மரபின் இன்றைய கிளை. பாத்திக் பாணிப் பூக்களைக் கொண்ட அச்சு லுங்கிகள் பின்னர் வந்தவை. நம் வீட்டுக் கொடியில் தொங்கும் இரண்டு கைலிகளில் ஒன்று தறியின் பிள்ளை, மற்றொன்று அச்சு மேசையின் பிள்ளை.

தடைகளும் இயந்திரமும்

இந்திய அச்சுத் துணி ஐரோப்பாவில் அடைந்த வரவேற்பே அதற்குப் பகையானது. உள்நாட்டு நெசவாளர்களின் எதிர்ப்பால் பிரான்ஸ் 1686இல் அதைத் தடை செய்தது. 1759 வரை அத்தடை நீடித்தது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1721இல் அணிவதையே தடை செய்யும் சட்டம் இயற்றியது. அதே காலத்தில் தொழில் இரகசியத்தை அறியும் முயற்சிகளும் நடந்தன. சோழமண்டலக் கரையில் பணியாற்றிய கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறைகளை 1742இல் விரிவான கடிதமாகத் தம் நாட்டுக்கு எழுதினார். நம் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்து வைத்திருந்தது இவ்வாறு ஐரோப்பாவில் எழுத்தாக அச்சேறியது.

பிறகு மாற்றங்கள் விரைந்தன. 1783இல் தாமஸ் பெல் என்பவர் செப்பு உருளையால் அச்சிடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1856இல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். 1869இல் மஞ்சிட்டியின் சிவப்பையே தொழிற்சாலையில் உருவாக்கும் வழி பிறந்தது. 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டியவர்களும், அவுரி பயிரிட்டவர்களும், கையால் வரைந்தவர்களும் ஒரு நூற்றாண்டுக்குள் பிழைப்பை இழந்தனர்.

அந்த இழப்புக்கு எதிர்வினையாகத் தோன்றிய கதர் இயக்கத்தில் திருச்செங்கோட்டுக்கு ஓர் இடம் உண்டு. 1925இல் இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். இரத்தினசபாபதிக் கவுண்டர் அதற்கு நிலம் அளித்தார். அப்போது காங்கிரஸில் இருந்த ஈ.வெ. ராமசாமிப் பெரியார் அதைத் திறந்து வைத்தார். மழை பொய்த்த சேலம் சீமையின் கிராமங்களில் பெண்கள் வீட்டிலிருந்தபடியே நூற்றுக் கூலி பெற அந்த ஆசிரமம் வழி செய்தது. வீட்டில் இருந்து செய்யும் சிறு கைத்தொழில் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காக்கும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதன்று.

ஸ்கிரீன் எவ்வாறு வந்தது

ஓர் அட்டையில் உருவத்தை வெட்டியெடுத்து, அதைத் துணிமேல் வைத்து வண்ணம் பூசும் வழக்கம் மிகப் பழையது. அதில் ஒரு தொல்லை உண்டு. வட்டத்துக்குள் வட்டம் வேண்டுமென்றால் உள்வட்டம் தனியே கழன்று விழுந்துவிடும். ஜப்பானியர்கள் மெல்லிய இழைகளால் அந்தத் தனித்துண்டுகளைப் பிடித்து நிறுத்தினர். அதன் அடுத்த வளர்ச்சியாக, சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணியையே தாங்கியாகக் கொள்ளும் முறை உருவானது. 1907இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் இதற்குக் காப்புரிமை பெற்றார். ‘சில்க் ஸ்கிரீன்’ என்ற பெயர் அந்தப் பட்டால் வந்தது. பின்னர் நைலானும் பாலியஸ்டரும் பட்டின் இடத்தைப் பிடித்தன. 1963இல் ஸ்டோர்க் என்ற டச்சு நிறுவனம் உருளை வடிவ நிக்கல் ஸ்கிரீனைக் கொண்ட இயந்திரத்தை ஹனோவர் கண்காட்சியில் வைத்தது. பெரிய ஆலைகள் அந்த வழியில் சென்றன. சிறு பட்டறைகளோ இன்றும் நீண்ட மேசையில் துணியை விரித்து, இருவர் எதிரெதிரே நின்று, சட்டத்தை நகர்த்தி நகர்த்தி அச்சிடுகின்றன.

தொடக்கக்காரர் அறிய வேண்டியவை

இந்த வரலாற்றை அறிந்தவருக்குச் செய்முறை எளிதில் விளங்கும். அதைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது துணி. தறியிலிருந்து வரும் துணியில் கஞ்சி இருக்கும். அதை நீக்கி அலசாமல் அச்சிட்டால் சாயம் கஞ்சியின்மேல் அமர்ந்து, கஞ்சியோடு போய்விடும். நம் முன்னோர் துணியை வெளுத்துக் கடுக்காயில் தோய்த்த பிறகே கலத்தைக் கையில் எடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது வலைத்துணி. ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்ற எண்ணிக்கையால் அதைக் குறிப்பர். சாதாரணத் துணி வேலைக்கு 43 இழை கொண்ட வலை ஏற்றது. நுண்ணிய கோடுகளுக்கு 77 போன்ற நெருக்கமான வலை வேண்டும். வலை தளர்ந்திருந்தால் எந்தத் திறமையும் அதை ஈடுசெய்யாது. தட்டினால் பறைபோல் ஒலிக்குமளவு இழுத்துக் கட்ட வேண்டும்.

மூன்றாவது உருவத்தை வலையில் இறக்குவது. ஒளிபட்டால் இறுகும் எமல்ஷனை வலையின் இருபுறமும் மெல்லியதாகப் பூசி, மங்கிய மஞ்சள் விளக்கு எரியும் அறையில் காயவைக்க வேண்டும். அதன்மேல் கறுப்பு மையில் அச்சான பாசிட்டிவ் தாளை வைத்து ஒளி காட்ட வேண்டும். ஒளி பட்ட இடம் இறுகும். கறுப்பின் கீழ் மறைந்த இடம் நீரில் கரைந்து வழிவிடும். ஒளி குறைந்தால் முழுவதும் கழுவிப் போகும். மிகுந்தால் நுண்கோடுகள் அடைபடும். ஒரே சட்டத்தில் பல பட்டைகளாக வெவ்வேறு நேர அளவு ஒளிகாட்டிப் பார்த்து, தம் விளக்குக்கு உரிய நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. டைகுரோமேட் உப்பைக் கலந்து செய்யும் பழைய எமல்ஷன் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அது புற்றுநோய் விளைவிக்கும் நச்சு. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது. டயசோ வகையோ, முன்பே கலந்து வரும் வகையோ வாங்குவதே அறிவுடைமை.

நான்காவது அச்சிடுதல். துணியை மேசையில் சுருக்கமின்றி ஒட்ட வேண்டும். வலைக்கும் துணிக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது நல்லது. ஸ்குவீஜி எனும் ரப்பர் கட்டையைச் சாய்த்துப் பிடித்து, ஒரே அழுத்தத்தில், நிறுத்தாமல் இழுக்க வேண்டும். பசை நீர்த்துப்போனால் ஓரம் பரவும். இறுகினால் வலை அடைக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் அமர்வதற்கு மூலைக் குறிகளை முதல் நாளிலிருந்தே பழக வேண்டும். தொடங்குபவர் ஒரே நிறத்தில் நூறு துண்டுகளைச் சீராக அச்சிட்ட பிறகே இரண்டாம் நிறத்துக்குச் செல்வது நலம்.

ஐந்தாவது நிலைப்படுத்துதல். தொடக்கக்காரர் பலர் தவறுவது இங்கேதான். பிக்மென்ட் சாயத்தைத் துணியில் பிணைக்கும் பைண்டர் ஏறத்தாழ 150 டிகிரி வெப்பத்தில் சில நிமிடங்கள் இருந்தால்தான் முழுதாக இறுகும். கையால் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அச்சு நிலைத்துவிட்டதாகப் பொருளில்லை. ரியாக்டிவ் சாயமாயின் நீராவியில் வேகவைத்து, பின்னர் ஒட்டாத சாயம் போகும்வரை பலமுறை அலச வேண்டும். அந்த வகையை வீட்டில் தொடங்காமல் இருப்பது நல்லது. அதற்கான காரணத்தைக் கீழே காண்போம்.

முதல் வேலைக்கு ஏற்ற பொருள் நம் கண்முன்னே இருக்கிறது. கடைப் பெயரும் கல்யாண வீட்டார் பெயரும் அச்சிட்ட மஞ்சப்பை ஒரு காலத்தில் கொங்கு நாட்டின் அடையாளம். பிளாஸ்டிக் பைகள் அதை ஒதுக்கித் தள்ளின. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளுக்கு 2019 ஜனவரி முதல் தமிழக அரசு விதித்த தடையும், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் அதற்கு மீண்டும் தேவையை உருவாக்கியுள்ளன. முரட்டுப் பருத்தித் துணி, ஒரே நிறம், பெரிய எழுத்து ஆகிய மூன்றும் கற்பவருக்கு ஏற்றவை.

மார்க்கத்தின் ஒளியில் சில கவனங்கள்

தாவூத் (அலை) அவர்கள் தம் கைத்தொழிலால் உண்டதை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னதாக புகாரியில் வரும் ஹதீஸை நாம் அறிவோம். அரசரும் நபியுமான ஒருவருக்கே கைத்தொழில் இழுக்காக இருக்கவில்லை. சாயக் கறை படிந்த கையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே இருப்பார்களேயானால், அது மார்க்கம் கற்றுத் தந்த பார்வையன்று.

எதை அச்சிடுவது என்பதிலும் நமக்குக் கவனம் உண்டு. உருவங்கள் வரைந்த திரையை நபி (ஸல்) அவர்கள் விரும்பாததையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கிழித்துத் தலையணைகளாக ஆக்கியதையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. இதன் எல்லைகளைப் பற்றி அறிஞர்கள் விரிவாகப் பேசியுள்ளனர். ஐயமுள்ளவர்கள் தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம். வரலாறு காட்டுவது இது: உயிருருவத்தைத் தவிர்த்த முஸ்லிம் அச்சுக் கலைஞர்களின் கற்பனை குறைந்துவிடவில்லை. விண்மீனும் கொடியும் வட்டமும் சதுரமும் கொண்டு அஜ்ரக் படைத்த உலகமே அதற்குச் சாட்சி.

வேலைப்பாடுள்ள ஓர் ஆடையில் தொழுதபோது அது தம் கவனத்தைத் திருப்பியதால், நபி (ஸல்) அவர்கள் அதை அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடமே திருப்பி அனுப்பி, எளிய ஆடையைக் கேட்டுப் பெற்றதாகவும் வருகிறது. தொழுகை விரிப்பிலோ தொழுகைக்கு உடுத்தும் கைலியிலோ கண்ணைப் பறிக்கும் அச்சைத் திணிப்பவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிக்காஹ் பைகளில் இறைவசனங்களையும் அல்லாஹ்வின் திருநாமங்களையும் அச்சிடக் கேட்பவர்கள் பலர். அந்தப் பை விருந்து முடிந்ததும் எங்கே போகிறது? காய்கறிக் கழிவோடு குப்பைத் தொட்டிக்கும், சில நாளில் தரைத் துடைக்கும் துணியாகவும் போகிறது. வாடிக்கையாளர் கேட்டாலும், மணமக்கள் பெயரும் நாளும் இடமும் போதும் என்று பணிவுடன் எடுத்துச் சொல்லும் கடமை அச்சிடுபவருக்கு உண்டு. ஓர் ஆர்டர் குறைந்தாலும் பரக்கத் குறையாது.

அடுத்து நாணயம். நனைந்த தானியத்தைக் குவியலுக்கு அடியில் மறைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நமக்குத் தெரியும். வெப்பம் காட்டாமல் அவசரமாகக் கட்டிக் கொடுத்த அச்சும் அத்தகையதே. வெளியே காய்ந்திருக்கிறது, உள்ளே பச்சையாக இருக்கிறது. வாங்குபவருக்கு அது முதல் சலவையில்தான் தெரியும். ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு துண்டை எடுத்துச் சோப்பு நீரில் அலசி, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்த பிறகே கொடுப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால், அதுவே கடைக்கு நற்பெயர் தேடித் தரும்.

ஆற்று நீரின் உரிமை

இனி, அஜ்ரக்பூர் சொன்ன நீரின் பாடத்துக்கு வருவோம். திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் விட்ட கழிவு நொய்யலைக் கெடுத்தது. பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, உழவர்கள் தொட அஞ்சும் சாயக் குட்டையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவு நீரை முற்றிலும் சுத்திகரித்து மறுபயன்பாடு செய்யாத பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன; ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன. உழவர் குடும்பங்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே தவித்துக்கொண்டிருந்தன. இரு பக்கத்துக் கண்ணீரும் உண்மையே. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் காவிரியில் சாயக் கழிவு கலப்பதைப் பற்றிய முறையீடுகளும் நமக்குப் புதியவையல்ல. அந்த ஆற்று நீரைத்தான் கீழ்க்கரை ஊர்கள் குடிக்கின்றன. அதில்தான் ஒளூவும் செய்கின்றன.

நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில், அதாவது இரு கைகள் கொள்ளும் அளவு நீரில் ஒளூ செய்தார்கள் என்று வருகிறது. நீரும் மேய்ச்சலும் நெருப்பும் மக்களின் பொதுவுடைமை என்ற நபிமொழியை அபூதாவூத் பதிவு செய்துள்ளார். வணக்கத்துக்கே அளவோடு நீர் எடுக்கக் கற்றுத் தந்த மார்க்கம், வணிகத்துக்காகப் பிறர் நீரைக் கெடுப்பதை எப்படி ஏற்கும்?

சிறு பட்டறை என்பதால் நம் பங்கு சிறிது என்று எண்ணிவிடக் கூடாது. அலசல் அதிகம் வேண்டும் ரியாக்டிவ் அச்சைச் சுத்திகரிப்பு வசதி உள்ள இடத்துக்கே விட்டுவிடலாம். வீட்டில் பிக்மென்ட் அச்சோடு நிற்கலாம். ஸ்கிரீனைக் கழுவும் முன் மீந்த பசையைத் தகட்டால் வழித்து, டப்பாவில் சேர்த்து, அடுத்த வேலைக்கு வைக்கலாம். முதல் கழுவலை வாளியில் பிடித்து வண்டலை அடியில் தங்கவிடலாம். அந்த வண்டலைச் சாக்கடையில் கொட்டாமல், காயவைத்துத் தனிக் கழிவாக ஒப்படைக்கலாம். சாயம் வாங்கும்போது தடைசெய்யப்பட்ட அசோ வகை இல்லை என்ற சான்றைக் கேட்கலாம். தோலில் படும் துணிக்கு ஆகாதவை என்று சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடை செய்தது; இந்தியாவும் அந்தப் பத்தாண்டிலேயே தடை கொண்டுவந்தது. குழந்தையின் சட்டையில் அச்சிடுபவர் இதைக் கேட்காமல் இருப்பது பொறுப்பன்று.

சாயவேரைத் தோண்டிய கைகளும், கப்பலில் பொதிகளை ஏற்றிய தோள்களும், அஜ்ரக் கட்டையை இன்றும் அழுத்தும் கத்ரி குடும்பங்களும் இத்தொழிலில் நமக்கு முன்னோடிகள். அவர்களது துணி ஃபுஸ்தாத்தின் மண்ணுக்குள் நூற்றாண்டுகள் கிடந்தும் நிறம் இழக்கவில்லை. செயற்கைச் சாயம், இயந்திரம், வேகம் ஆகிய வசதிகள் எதுவும் அவர்களுக்கு இருந்ததில்லை. திருச்செங்கோட்டில் ஒரு சிறு அறையில் முதல் ஸ்கிரீனைக் கட்டும் நம் பிள்ளைகளிடம் இவையெல்லாம் இருக்கின்றன. முன்னோரின் பொறுமையையும் அவர்கள் சேர்த்துக் கற்கட்டும். நிலைக்கும் நிறத்தைக் கொடுத்து, நியாயமான விலையைப் பெற்று, கீழ்க்கரையில் நீர் மொள்பவரின் உரிமையையும் காக்கும் தொழிலாளர்களாக அவர்களை ஆக்கி, அவர்தம் உழைப்பில் வல்ல ரஹ்மான் பரக்கத் செய்வானாக. ஆமீன்.